எத்தனை பேர் ஏறினார்கள்?

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். முத்துக்களைத் தரம் பிரிக்கும் சல்லடைகளை இன்று கண்ணால் கண்டவர்களே அபூர்வம். நானும் கேட்டும் படித்தும் அறிந்ததுதான். ஒரே அகலமுள்ள 10 பித்தளைத் தட்டுகள். முதல் தட்டில் இருபதே துளைகள், அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசித் தட்டில் 1000 துளைகள்! எண்ணிக்கை கூடக் கூடத் துளை சிறுக்கும் அல்லவா? எந்தத் தட்டில் முத்து தங்குகிறதோ அதுவே அதன் வகுப்பு. அதோடு விட்டார்களா என்றால், இல்லை. நிறம் பார்த்து, உருட்சி பார்த்து, ஒளி பார்த்து, ஆணிமுத்து முதல் தூள் வரையில் தனித் தனியாகப் பிரித்து, தராசில் நிறுத்து, அதன் பிறகுதான் விலை பேசுவார்கள். இதற்கெல்லாம் முன்னால், அந்த வருஷம் முத்துக் குளிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கே சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அவற்றில் கிடைத்த முத்தை மதிப்புப் போட்டுப் பார்ப்பார்களாம். கணக்கு சரிப்பட்டால்தான் சர்க்கார் நாள் குறிக்கும்.

சங்குக்கும் அப்படித்தான். இரண்டேகால் அங்குலத்துக்குக் குறைந்த சங்கு கரைக்கு வந்தால், அது கடலுக்கே திரும்பிப் போக வேண்டும் என்று பழைய நாளிலேயே விதி இருந்தது.

கடுகளவு முத்துக்கு இத்தனை சல்லடை! நம் வயிற்றில் வலது விலாவுக்கு அடியில் ஒன்றரைக் கிலோ எடையில் ஒரு பொருள் இருக்கிறதே, கல்லீரல், அதைக் கத்தியால் அறுக்கும் கைகளுக்கு என்ன சல்லடை வைத்திருக்கிறோம்?

முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! குடும்பப் பத்திரிகையில், அதுவும் தொடர்கதைக்கு நடுவில், ஈரலைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்கலாம். ஆனால் நம் வீடுகளில் யாருக்காவது ஈரலில் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டால், படத்தையும் ரிப்போர்ட்டையும் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவது யார்? நாம்தானே?

ஈரல் ஒரு விசித்திரமான உறுப்பு. இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதன் வழியாகப் போகிறது. நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர்! நீரில் ஊறிய பஞ்சு மாதிரி, கத்தி பட்ட இடமெல்லாம் ரத்தம். ஆகையால் வெகு காலம் டாக்டர்கள் அதைத் தொடவே பயந்தார்கள். 1908-ல் கிளாஸ்கோ நகரத்தில் பிரிங்கிள் என்ற சர்ஜன், ஈரலுக்குள் ரத்தம் நுழையும் வாசலையே விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் ரத்தப்போக்கு குறைகிறது என்று எழுதினார். 1950-களில் பிரெஞ்சுக்காரரான குயினோ, ஈரலுக்குள் ஓடும் குழாய்களின் போக்கை ஆராய்ந்து, வெளியே ஒரே உருண்டையாகத் தெரியும் ஈரல் உள்ளே எட்டுப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று காட்டினார். ஆரஞ்சுச் சுளை போலப் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாழான சுளையை மட்டும் எடுத்துவிடலாம். இன்னொரு ஆச்சரியம்: நல்ல ஈரலில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டால்கூட, மிச்சமிருப்பது சில வாரங்களில் திரும்பப் பெருக்கிறது. கறிவேப்பிலைச் செடி தோற்றது போங்கள்!

ஆனாலும் 1970-களில் அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகளின் கணக்கைத் திரட்டிப் பார்த்தபோது என்ன தெரிந்தது? ஈரலில் பெரும் பகுதியை எடுத்த ஐந்து பேரில் ஒருவர் பிழைக்கவில்லை. இன்று கைதேர்ந்த இடங்களில் அந்த எண் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்திருக்கிறது. ‘கைதேர்ந்த இடங்களில்’ என்று சொன்னேன், கவனித்தீர்களா? அந்த இடம் எது, நாம் போகும் இடம் அதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் பெரிய படிப்பாளி அல்ல. திரேஸ்புரத்துப் பெண்மணி ஒருவர். சங்கு குளிக்கும் குடும்பங்களைப் பற்றி எழுதுவதற்காகச் சென்ற மாதம் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். பக்கிள் ஓடை கடலில் கலக்கிற இடம், வரிசையாக நாட்டுப் படகுகள், காய்கிற வலை, மீன் வாடை. ஒரு வீட்டு வாசலில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். அவர் கணவர் முப்பது வருஷம் சங்குக்கு மூழ்கியவர். ஈரலில் கட்டி என்று தெரிந்ததும், இரண்டு ஊர்களில் இரண்டு ஆஸ்பத்திரிகளைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டிலுமே செய்வார்கள். இரண்டுமே பெரிய கட்டடம். இந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? முதல் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் நேருக்கு நேராக ஒரு கேள்வி கேட்டார். அதை அவர் பேச்சிலேயே தருகிறேன்.

“ஏம்மா, நாங்க கடலுக்குப் போறவுக. எத்தன பேரு தண்ணிக்குள்ள எறங்குனாவ, எத்தன பேரு படகுல ஏறுனாவன்னு எண்ணாம கரைக்குத் திரும்ப மாட்டாவ. ஒரு தல கொறஞ்சாலும் படகு நவுராது. அதத்தான் டாக்டர்ட்ட கேட்டேன். ‘ஐயா, இது மாதிரி எத்தன பேர அறுத்திய? எத்தன பேரு எந்திரிச்சு வீட்டுக்குப் போனாவ?’ன்னு. அவரு நல்ல பிள்ள. கோவப்படல. ‘நெறயப் பண்ணியிருக்கோம்மா, நல்லாத்தான் இருக்காங்க. ஆனா நீங்க கேக்குற மாதிரி எண்ணி வைக்கல’ன்னாரு.”

இரண்டாவது ஆஸ்பத்திரியிலும் அதே பதில்தான். கடைசியில் எதை வைத்து முடிவு செய்தார்கள் என்றால், அவர் தங்கை வீடு எந்த ஊரில் இருந்ததோ அந்த ஊர் ஆஸ்பத்திரி! தங்க இடம் உண்டு, சோறு கொண்டுவர ஆள் உண்டு. குற்றம் சொல்ல முடியுமா? அளவுகோல் இல்லாத இடத்தில் தங்கை வீடுதான் அளவுகோல்.

ஆபரேஷன் நடந்தது. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாற்பதாம் நாள் வாக்கில் காய்ச்சலும் மஞ்சள் காமாலையுமாகப் படுத்தார். உள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடுத்த வாரத்தில் போய்விட்டார்.

அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி கொடுத்த தாள். வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளியின் நிலை: நலம். “இந்தக் காயிதத்துல அவுக இன்னும் நல்லாத்தான் இருக்காவ” என்றார். சொல்லிவிட்டு உறையை மடித்துக்கொண்டார். எனக்குப் பேச வாய் வரவில்லை.

சர்ஜன் மேல் பிழை என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. பிழை இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாதே, அதுதான் என்னை உறுத்துகிறது! ஈரல் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் விபரீதங்கள் சில நிதானமாகத்தான் வரும். பித்தநீர் கசியலாம், சீழ் வைக்கலாம், மிச்சமிருக்கும் ஈரல் பாரம் தாங்காமல் மெல்ல மெல்லக் கைவிடலாம். ஆகையால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியவுடன் கணக்கை மூடக் கூடாது, 30 நாளோடு நிறுத்தினாலும் பல மரணங்கள் கண்ணில் படாமல் போகும், 90 நாள் வரை நோயாளியைத் தொடர்ந்து போய் எண்ண வேண்டும் என்று உலகெங்கும் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். திரேஸ்புரத்து மனிதர் 90-க்குள் போனவர். 90 நாள் கணக்கு வைத்திருந்தால் அவர் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழுந்திருக்கும். யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டிருப்பார்.

இந்த யோசனை புதிதா என்றால் அதுவும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் எர்னஸ்ட் காட்மன் என்று ஒரு சர்ஜன் இருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சின்ன அட்டை போட்டு, என்ன நோய், என்ன செய்தோம், ஒரு வருஷம் கழித்து அவர் எப்படி இருக்கிறார், சரியாக இல்லையென்றால் யார் தவறால் என்று எழுதி வைத்தார். எல்லா ஆஸ்பத்திரியும் இப்படி எழுதி வெளியிட வேண்டும் என்றார். சக டாக்டர்களுக்கு வேப்பங்காயாகக் கசந்தது! 1914-ல் பேர் பெற்ற ஆஸ்பத்திரி வேலையை விட்டார். மறு வருஷம் ஒரு கூட்டத்தில் பெரிய கேலிச் சித்திரம் ஒன்றைத் திறந்து காட்டினார்: மணலில் தலையைப் புதைத்துக்கொண்ட தீக்கோழி, பணக்காரர்களுக்குப் பொன் முட்டை இடுகிறது! ஊரே கொதித்தது. மனிதர் அசரவில்லை. சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி நடத்தி, 1911 முதல் 1916 வரை வைத்தியம் பெற்றுப் போன 337 பேரின் கணக்கைத் தம் காசில் அச்சிட்டார். அதில் 123 தவறுகள் என்று தாமே எண்ணிப் போட்டார்! 1940-ல் அவர் இறந்தபோது கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. 2014-ல்தான் சர்ஜன்கள் கூடி ஒரு கல் நட்டார்கள். காலம் கடந்தாலும் நட்டார்களே!

அவர் கனவை ஈரல் விஷயத்தில் ஒரு தேசம் முழுவதற்குமாகச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? தூத்துக்குடிக்குப் பழைய சொந்தக்காரர்களான டச்சுக்காரர்கள். 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து இந்தத் துறைமுகத்தைப் பிடித்து, 1825-ல் ஆங்கிலேயருக்கு விட்டுப் போகும்வரை முத்துக்கும் சங்குக்கும் கணக்கு எழுதியவர்கள் ஆயிற்றே! 2013-ல் அவர்கள் நாட்டில் ஈரல் ஆபரேஷனுக்கென்று ஒரு கணக்கேடு தொடங்கினார்கள். ஈரலைத் தொடுகிற எந்த ஆஸ்பத்திரியும் அதில் எழுதியே தீரவேண்டும். யாருக்கு, என்ன வயது, என்ன கட்டி, எவ்வளவு எடுத்தார்கள், பித்தநீர் கசிந்ததா, மறுபடி திறக்க நேர்ந்ததா, உயிர் பிழைத்தாரா, எல்லாம். வருஷத்துக்கு 20 ஈரல் ஆபரேஷனாவது செய்யாத இடம் அந்த வேலையில் இறங்கக் கூடாது என்று அந்நாட்டுச் சர்ஜன்களே விதியும் வைத்துக்கொண்டார்கள். அடிக்கடி முறுக்குப் பிழிகிற கைக்கும் தீபாவளிக்கு மட்டும் பிழிகிற கைக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

இங்கே டாக்டர்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். “கணக்கை அப்படியே வெளியிட்டால் எங்களுக்கு அநியாயம் நடக்கும்” என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு சர்ஜன் ஆரோக்கியமான ஆளுக்கு ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டியை எடுக்கிறார். இன்னொருவர், குடியாலோ மஞ்சள் காமாலைக் கிருமியாலோ சுருங்கிப்போன ஈரலில், நடுவே ரத்தக் குழாயை ஒட்டிய கட்டியை, மற்ற இடங்களில் கைவிட்ட நோயாளிக்கு எடுக்கிறார். இருவர் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கெட்டிக்காரர்தான் கெட்டவராகத் தெரிவார். மூன்று பாகத்தில் மூழ்குகிறவனையும் பத்துப் பாகத்தில் மூழ்குகிறவனையும் ஒரே கணக்கில் எழுதலாமா? ஆகவே நோயின் கடுமைக்கு ஏற்றபடி எண்ணைச் சரி செய்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். இன்னொன்று, அதிர்ஷ்டம். இருபது பேரில் ஒருவர் இறந்தால் நூற்றுக்கு ஐந்து. இருவர் இறந்தால் பத்து! ஒரே ஒரு உயிரால் எண் இரட்டித்து விடுகிறது. தாயக்கட்டையில் மூன்று தடவை தாயம் விழுந்தவள் ஆட்டக்காரி ஆகிவிடுவாளா? பல வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நியூயார்க் மாகாணத்தில் இதய ஆபரேஷனுக்கு இப்படிக் கணக்கு வெளியிட்டார்கள். 1989-க்கும் 1992-க்கும் இடையில், நோயின் கடுமைக்கு ஏற்பச் சரி செய்த மரண விகிதம் நூற்றுக்கு 41 பங்கு குறைந்தது. பேஷ்! ஆனால் பேர் கெட்டுவிடுமோ என்று கஷ்டமான நோயாளிகளைச் சிலர் தட்டிக் கழித்தார்கள் என்ற புகாரும் எழுந்தது. என்னைக் கேட்டால், சர்ஜன் பெயர் போட்டு ஊரறியத் தண்டோராப் போடுவதை விட, எல்லா ஆஸ்பத்திரியும் கட்டாயமாக எழுதி, தங்கள் எண்ணை மற்றவர்கள் எண்ணோடு ஒப்பிட்டு, பின்தங்கிய இடத்துக்கு முன்னேறிய இடத்தார் போய்ப் பார்த்துச் சொல்லித் தருவதுதான் முதல் படி. பகிரங்கம் அதற்கு அப்புறம் வரட்டும்.

இப்படி எண்ணியதால் கிடைத்த ஒரு கண்டுபிடிப்பு என் மனத்தை மிகவும் கவர்ந்தது. மரணம் குறைவான ஆஸ்பத்திரிகளில் சிக்கல்களும் குறைவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? பெரிய ஆபரேஷன்களின் கணக்கை அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. சிக்கல் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. வந்த சிக்கலை உடனே கண்டுபிடித்து ஆளைக் காப்பாற்றினார்களா என்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தது! அப்படியானால் எல்லாமே கத்தி பிடித்த கையில் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நாடித்துடிப்பு ஏறுவதைக் கவனிக்கும் நர்ஸிடம் இருக்கிறது. அவள் கூப்பிட்டால் எரிந்து விழாமல் எழுந்து வரும் இளம் டாக்டரிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு, “காய்ச்சல் அடிக்கிறது, சிறுநீர் மஞ்சளாகப் போகிறது” என்று மனைவி போன் செய்தால் எடுத்துப் பேச ஓர் ஆள் இருப்பதிலும் இருக்கிறது. திரேஸ்புரத்தில் அப்படி ஒரு நம்பர் அந்தத் தாளில் இருந்ததா என்று பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பொது நம்பர் மட்டும் இருந்தது.

நம் நாட்டில் திறமைக்குப் பஞ்சமா? காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு 1998-ல் டில்லியில் தகப்பனார் ஈரலில் ஒரு துண்டை வைத்துப் பிழைக்க வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டரே ஆகிவிட்டது! மாயவரம் பக்கத்துப் பிள்ளையான டாக்டர் முகமது ரேலா, லண்டனில் 1997-ல் பிறந்து ஐந்தே நாளான சிசுவுக்கு ஈரல் மாற்றி உலகை வியக்க வைத்தார். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கு இலவசமாகவே மாற்று ஈரல் வைத்திருக்கிறார்கள். இவையெல்லாம் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தன, வர வேண்டியவைதான். ஆனால் அதிசயத்துக்குத் தலைப்பு உண்டு. கணக்குக்கு ஏது தலைப்பு? ஈரலில் கத்தி வைக்கும் எல்லா ஆஸ்பத்திரியும் கட்டாயம் எழுதவேண்டிய கணக்கேடு நம் தேசத்தில் இல்லை. புற்று நோய் எத்தனை பேருக்கு வந்தது என்று எண்ணுகிறோம். சென்னையில் 1981 முதலே எண்ணுகிறோம். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு பணம் கொடுத்தோம் என்பதற்கும் ரூபாய் பைசா சுத்தமாகக் கணக்கு உண்டு. பணம் போன இடம் தெரிகிறது. ஆள் 90-ஆம் நாள் எழுந்து நடந்தாரா என்று அதே ஏட்டில் இன்னும் ஒரு பத்தி கோடு போட்டால் ஆகாதா?

‘நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா?’ என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. நடந்திருக்கிறது! அதுவும் பெண்கள் விஷயத்தில். பிரசவத்தில் தாய் இறந்தால் ஒவ்வொரு மரணத்தையும் தனியாக விசாரித்து எழுதுவது என்று தமிழ்நாடு 1990-களிலேயே ஆரம்பித்தது. வீட்டுக்கே போய், எத்தனை மணிக்கு வலி கண்டது, வண்டி எப்போது வந்தது, எந்த ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியது, ரத்தம் கிடைத்ததா என்று கேட்டு எழுதினார்கள். ஆளைத் தண்டிப்பதற்காக அல்ல, எந்த இடத்தில் தாமதம் என்று கண்டுபிடிப்பதற்காக. 2001-03 கணக்கில், உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20 கணக்கில் அது 54 ஆகிவிட்டது. அதே சமயம் அகில இந்திய எண் 97. விசாரணை ஒன்றினாலேயே இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ், ரத்த வங்கி, ராத்திரியிலும் டாக்டர் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் எங்கே ரத்த வங்கி வேண்டும், எங்கே ராத்திரி டாக்டர் வேண்டும் என்று சொன்னது யார்? இறந்த தாய்மாரின் கணக்குத்தான்.

அதே ஜில்லா ஆபீஸ், அதே படிவம் நிரப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஈரல் ஆபரேஷன் பிரசவத்தைப் போலத் தெருவுக்குத் தெரு நடப்பதில்லை. செய்கிற ஆஸ்பத்திரிகள் கொஞ்சம்தான், எண்ணுவது சுலபம்.

அதுவரையில் நம் வீட்டில் யாருக்காவது இந்தச் சங்கடம் வந்தால் சும்மா இருக்க வேண்டியதில்லை. சர்ஜனிடம் மரியாதையாகவே கேட்கலாம்: “சென்ற வருஷம் இந்த ஆஸ்பத்திரியில் இது போல எத்தனை பேருக்குச் செய்தீர்கள், ஐயா? மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் இருந்தார்கள்? ராத்திரியில் சிக்கல் என்றால் இங்கேயே யார் இருப்பார்கள்? வீட்டுக்குப் போன பிறகு எந்த நம்பரில் கூப்பிடலாம்?” கணக்கு வைத்திருக்கிற சர்ஜன் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். வைக்காதவர்களில் ஒருவராவது இன்று சாயங்காலம் நோட்டுப் புத்தகம் வாங்குவார். இன்னொன்றும் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுதிக் கேட்டால், வைத்தியக் குறிப்புகளின் நகலை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. மூன்று வருஷம் அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். வாங்கி, தேதி வாரியாக அடுக்கி, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துவிடுங்கள்.